வீண் ஒன்று

மேகங்கள் வந்து சேர்ந்து பதினைந்து நாளாயிற்று, மழை இறங்கவில்லை. நிறைசூல் கொண்டவளைப் போல வானம் தாழ்ந்து, தன் பாரத்தைத் தானே தாங்கி நின்றது. பகலுக்கும் மாலைக்கும் நிறம் ஒன்றாகிவிட்டது. துவைத்த துணி காயவில்லை. உப்பு ஜாடியில் நீர் கசிந்தது. கதவுகள் ஊதிப்போய் நிலையோடு மல்லுக்கு நின்றன. பிரிந்து சென்றவர் கார் தொடங்குமுன் மீள்வர் என்பது பழைய பாடல்கள் இந்தப் பருவத்தின்மேல் ஏற்றிவைத்த வாக்கு. அவ்வாக்கை நம்பி வழிமேல் விழி வைத்தவர்களின் மெலிந்த தோள்களையும் அதே பாடல்கள்தாம் பாடுகின்றன. இறைவன் பருவங்களை வகுத்தபோது, செய்வதறியாது நிற்பவர்களுக்கென்று ஒன்றைத் தனியே ஒதுக்கியிருப்பானானால், அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தப் பருவத்தில் அப்படி நின்ற ஒரு வீட்டின் தம்பி கப்பலில் வேலை பார்ப்பவன். மத்திய அமெரிக்காவில், இரண்டு பெருங்கடல்களுக்கு நடுவே இடைக்கச்சை போல ஒடுங்கிக் கிடக்கும் ஒரு வெப்ப நாட்டின் துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு பிணைக்கும்போது, முறுக்கேறிய வடம் அறுந்து வீசி அவனுடைய இடக்காலைக் கணுக்காலுக்கு மேலே நொறுக்கிவிட்டது. அவனைக் கரையில் இறக்கி மருத்துவமனையில் சேர்த்துவிட்டுக் கப்பல் போய்விட்டது. இரண்டு வாரத்தில் காயம் அழுகத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் நான்கு நாளைக்கு மேல் உயிருக்கு உறுதியில்லை என்று அங்குள்ள மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். தம்பி ஒப்புதல் தாளில் கையெழுத்திட மறுத்தான். காலைப் போர்வையால் மூடிக்கொண்டு, யாருக்கும் காட்டாமல், ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அக்கா வந்து பாத்து சொல்லட்டும்.”

அவன் அக்கா செவிலி. வெளிநாடு செல்வோருக்குத் தடுப்பூசி போடும் அறையில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்பவள். தம்பியைவிடப் பதினொரு வயது மூத்தவள். அவன் பிறந்தபோது தாய்க்கு உடம்பு தேற ஓராண்டானதால், அவனைத் தோளில் தூக்கிக்கொண்டே பாடம் படித்தவள்.

“கால் ஃபோட்டோ அனுப்புடா, நான் பாத்து சொல்றேன்” என்று அவள் தொலைபேசியில் மன்றாடினாள்.

“வேணாம். நேர்ல வா. தொட்டுப் பாரு. எடுக்கணும்னு நீ சொன்னா எடுத்துக்கட்டும்.”

“இப்பவே சொல்றேன். கையெழுத்துப் போடு.”

“ஃபோன்ல நீ எது வேணாலும் சொல்லுவ அக்கா.”

அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் தந்தை இறந்த காலையில், நடுக்கடலிலிருந்து தம்பி அழைத்திருந்தான். கப்பல் கரை சேர இன்னும் ஐந்து வாரம் இருந்தது. தனியே தவிப்பானே என்று தாய் கண்ணால் கெஞ்ச, அக்கா குரலைத் தேனாக்கிக்கொண்டு, “அப்பா தூங்கறார்டா, அப்புறம் பேசு” என்று சொன்னாள். கரை சேர்ந்து உண்மை தெரிந்தபின்னும் அவன் அதைப் பற்றி ஒருநாளும் சண்டையிட்டதில்லை. ஆனால் அவள் எதைச் சொன்னாலும், இட்லி வெந்துவிட்டது என்று சொன்னாலும்கூட, “நிஜமாவா?” என்று ஒரு கேள்வி கேட்பான். அவ்வளவுதான். அந்த ஒரு சொல் நான்கு ஆண்டுகளாக அவள் தொண்டையில் முள்ளாய் நின்றது.

ஆகவே போக வேண்டும். நான்கு நாளுக்குள் பூமியின் மறுபக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

கப்பல் நிறுவனம் பயணச் சீட்டுக்குப் பொறுப்பேற்றது. அந்த நாட்டுக்குள் நுழையும் அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது. வழியைக் கண்டுபிடிப்பது பயண முகவரின் பாடு. அவரை அந்தத் தெருவில் எல்லோரும் ‘ஆகாயம்’ என்றுதான் அழைப்பார்கள். இருபது ஆண்டுகளாக ஊராரை உலகமெல்லாம் பறக்கவிட்டவர். தாம் பேருந்தைத் தவிர வேறெதிலும் ஏறியறியாதவர். அவருடைய அறையில் ஒரு சக்கரம் கழன்ற நாற்காலியும், கடலின் நீலம் வெளுத்துச் சாம்பலாகிப்போன உலகப் படமும் இருந்தன. அக்கா போய் உட்கார்ந்தபோது அவர் படத்தின்மேல் பென்சிலை வைத்துக்கொண்டு நின்றார்.

“சிஸ்டர், வடக்கால போனா ரெண்டே விமானம். ஆனா நடுவுல எறங்கற ஊர்ல, ஏர்போர்ட்ட விட்டு வெளிய காலே வைக்காட்டியும் விசா வேணும். நேர்காணலுக்கு நாள் கேட்டேன். அஞ்சு மாசம் கழிச்சு வாங்கன்றான்.”

“அஞ்சு மாசத்துல...”

“சொல்லாதீங்க. வாயால சொல்லாதீங்க.” அவர் பென்சிலைக் கீழே இழுத்தார். “தெற்கால ஒரு வழி இருக்கு. மூணு விமானம். நாளை மறுநாள் காலைல கிளம்பினா மூணாம் நாள் போய்ச் சேந்துடலாம். விசா வேணாம். ஆனா நடுவுல ஒரு ஊர்ல பதினாலு மணி நேரம் தேவுடு காக்கணும்.”

“காத்திருக்கேன். பதினாலு நாள்னாலும் தரையில படுத்துக் கெடக்கறேன்.”

“அது இல்ல விஷயம். அந்த ஊர்ல மஞ்சக் காய்ச்சல் உண்டு. அங்க அவ்வளவு நேரம் உக்காந்துட்டு வர்றவங்க ஊசி போட்டதுக்கான மஞ்சள் அட்டை காட்டாம உங்க தம்பி இருக்கற நாட்டுக்குள்ள நுழைய முடியாது. ஊசி போட்டு பத்து நாள் தாண்டியிருக்கணும். ஏத்தறப்பவே கேப்பான்.” பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். “நான் யாருகிட்ட இதச் சொல்லிட்டிருக்கேன் பாருங்க. மீனுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கறேன்.”

செய்தி வந்தபின் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. “நான் போட்டிருக்கேன் அண்ணே. ஏழு வருஷம் ஆச்சு. ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போதும்.”

“அட்டை?”

“அப்ப வாங்கிக்கல. நான் எங்க போகப் போறேன்னு விட்டுட்டேன். நாளைக்குக் காலைல பதிவேட்டப் பாத்து எழுதி வாங்கிக்கறேன்.”

“நாளைக்கு மதியம் பன்னண்டு வரைக்கும்தான் இந்த சீட்ட நிறுத்தி வைக்க முடியும். அட்டையோட படம் வந்தாதான் கம்பெனிக்காரன் உறுதி பண்ணுவான். பன்னண்டுன்னா பன்னண்டு.”

வீட்டில் தாய் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதை வைப்பது என்று தெரியாமல் நான்கு முறை அடுக்கி நான்கு முறை கலைத்திருந்தார்.

“அங்க மழையாமே. குடை வைக்கவா?”

“வைம்மா.”

“வெயிலும் அடிக்குமாமே.”

“அதுக்கும் அதே குடைதாம்மா.”

தாய் ஒரு பருத்திச் சட்டையை மடித்தார். பின் தலைநிமிராமலே கேட்டார். “வரேன்னு சொல்லிட்டியாடி? நம்பினானா?”

“நிஜமாவான்னு கேட்டான்.”

தாயின் கை சட்டையின்மேல் நின்றுவிட்டது. “பாவம் பண்ணவ நானு. உன்ன அன்னிக்கு அப்படிச் சொல்ல வெச்சவ நானு. அவன் சந்தேகப்பட வேண்டியது என்னை” என்றார். அக்கா குடையை எடுத்து வைத்தாள்.

மறுநாள் ஊசி நாள். மஞ்சள் காய்ச்சல் மருந்து ஐந்து பேருக்கான சிறு குப்பியாக வருவது. திறந்து கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மிஞ்சியதைக் கொட்டத்தான் வேண்டும். ஆகவே ஐந்து பேர் சேராமல் குப்பியைத் திறப்பதில்லை என்பது அந்த அறையின் விதி. அன்று நான்கு பேரே வந்திருந்தார்கள். ஐந்தாமவர் வரவில்லை. பெரிய டாக்டர் வழக்கம்போல ஐந்து அட்டைகளில் முன்கூட்டியே கையெழுத்திட்டு அவளிடம் கொடுத்துவிட்டு வார்டு பார்க்கப் போய்விட்டார். பத்தொன்பது ஆண்டுப் பழக்கம் அது. அவளை நம்பிக் கையெழுத்திட்ட வெற்று அட்டையை அவளிடம் விட்டுச் செல்வதில் அவர் ஒருநாளும் தயங்கியதில்லை.

காத்திருந்த நால்வரில் ஒருவர் கட்டட மேஸ்திரி. வெளிநாட்டில் ஓர் அணைக்கட்டு வேலைக்குப் போகிறவர். மேசையருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“சிஸ்டரம்மா, ஒரு உபகாரம். தேதிய மட்டும் பத்து நாள் முன்னாடி போட்டுக் குடுத்துடுங்க. ஞாயித்துக்கிழமை கிளம்பணும். இல்லேன்னா வேற ஆள வெச்சிடுவான்.”

“மேஸ்திரி, இன்னிக்கு ஊத்தின கான்கிரீட்டுக்குப் போன மாசத் தேதி எழுதினா அது இறுகிடுமா?”

“இறுகாது.”

“உடம்பும் அப்படித்தான். பத்து நாள் ஆகும்.”

“கான்கிரீட்டுக்கே நான் சொல்ற நாள இன்னிக்கு எவன் கேக்கறான்?” என்று புலம்பிக்கொண்டே அவர் பெஞ்சுக்குத் திரும்பினார். மற்ற மூவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடியே அலமாரியைத் திறந்து, ஏழாண்டுக்கு முந்தைய பதிவேட்டை எடுத்தாள்.

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஐந்தாமவன் வழியில் வந்துகொண்டிருக்கிறான் என்று நம்பி அன்று குப்பியைத் திறந்துவிட்டார்கள்; அவன் வரவில்லை. மாலை வரை பார்த்தார்கள். அப்போதிருந்த மருந்தாளர், இப்போது ஓய்வு பெற்று எங்கோ போய்விட்டவர், ஊசியை ஏந்திக்கொண்டு, “நல்ல மருந்தத் தொட்டியில ஊத்த மனசு வரலம்மா, கையக் காட்டு” என்றார். அவள் காட்டினாள். பக்கத்தைத் தேடிப் புரட்டினாள். வரிசை எண் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு, நான்கு பெயர்கள். முப்பத்தைந்தின் எதிரே ‘வரவில்லை’ என்று இருந்தது. அதற்கு அடுத்த கட்டத்தில், அவளுடைய அழகிய, உருண்டையான, பிழையற்ற கையெழுத்தில் இருந்தது:

வீண் ஒன்று.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

பயணிகளுக்கான மருந்தை ஊழியர் போட்டுக்கொள்ள அப்போது அனுமதி கிடையாது. பதிவேட்டில் ஊழியருக்கென்று கட்டமும் கிடையாது. கணக்கு நேராக வேண்டும் என்பதற்காக, தன் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த மருந்தை வீணானது என்று அவளே எழுதியிருந்தாள். எழுதும்போது அது ஒரு சிறு சௌகரியமாக மட்டுமே இருந்தது. இப்போது அந்த இரண்டு சொற்களும் கடலுக்கு இப்புறம் கோட்டைச் சுவர்போல எழுந்து நின்றன.

பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினாள். படிக்கட்டில் பெரிய டாக்டர் இறங்கி வந்துகொண்டிருந்தார். அவள் மூச்சிரைக்கச் சொன்னதை முழுதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார்.

“நான் உங்கள நம்பறேன் சிஸ்டர். இந்தப் பதிவேடு உங்கள நம்பல. அத எழுதினதே நீங்கதான்.”

“திருத்தி எழுதிடறேன் சார். நடந்தத எழுதப் போறேன். அவ்வளவுதானே?”

“ஏழு வருஷம் கழிச்சு, உங்க பயணத்துக்கு மொத நாள், நீங்களே உங்க பேர எழுதுவீங்க. நான் அதுல கையெழுத்துப் போடணும். அப்புறம் இந்த அறைலேருந்து போன எந்த அட்டையை எவன் நம்புவான்?” அவர் குரலில் கடுமை இல்லை. அதுவே அவளைக் கொன்றது. “இன்னிக்கே ஒரு ஊசி போட்டுக்கங்க. ரெண்டாவதா போட்டா ஒண்ணும் ஆகாது. பதினோராம் நாள் கிளம்புங்க.”

“அவனுக்கு நாலு நாள்தான் சார் இருக்கு. அதுலயும் ஒண்ணு போயிடுச்சு.”

அவர் படியிலேயே நின்றார். அவள் தோளைத் தொட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அறைக்குத் திரும்பியபோது மணி பதினொன்றரை. ஆகாயம் அழைத்தார். அவள் நடந்ததைச் சொன்னாள்.

“சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. அட்டை உங்க கையில. முத்திரை உங்க கையில. டாக்டர் கையெழுத்தும் அட்டைல இருக்கு. ஊசியும் உங்க உடம்புல நெஜமாவே இருக்கு. எந்த சாமி வந்து இதப் பொய்னு சொல்லும்? அரை மணி நேரம் இருக்கு. படம் எடுத்து அனுப்புங்க.”

அவர் கெட்டவர் அல்லர். அவளுடைய தம்பியை அரைக்கால் சட்டையில் பார்த்தவர். அவர் சொன்னதில் பாதி உண்மையும் இருந்தது. மேஸ்திரியின் உடம்பு இறுகப் பத்து நாள் வேண்டும். அவளுடைய உடம்பு ஏழாண்டுகளாக இறுகியே இருந்தது.

தடுப்புத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஐந்தாவது அட்டையை மேசைமேல் வைத்தாள். பெருமானே, என் கையைத் தடுக்காதே என்று வேண்டிக்கொண்டாள். வேண்டியது தவறென்று அறிந்தே வேண்டினாள். பெயரை எழுதினாள். பிறந்த தேதியை எழுதினாள். வரிசை எண் என்ற இடத்தில், அன்று வராமற்போன அந்த முகமறியாத மனிதனுடைய முப்பத்தைந்தை எடுத்து எழுதினாள். கை நடுங்கவில்லை. அதைக் கண்டுதான் அவளுக்கு அச்சமாயிருந்தது. ஊசி போட்ட தேதி என்ற இடத்துக்கு வந்து, நாளை எழுதி, மாதத்தை எழுதத் தொடங்கும்போது தொலைபேசி அதிர்ந்தது. தம்பி. அங்கே இரவாகியிருக்கும்.

“அக்கா.”

“சொல்லுடா.”

“கிளம்பிட்டியா?”

குரல் வற்றிப்போய், கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. காய்ச்சல் ஏறியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ‘நாளைக்குக் காலைல விமானம், வந்துட்டே இருக்கேன்’ என்ற வாக்கியம் தேன் தடவித் தயாராக நாக்கில் நின்றது. பேனா முனையில் மை ஒரு புள்ளியாகத் திரண்டு அட்டைமேல் இறங்கியது.

“இல்லடா” என்றாள்.

பேனாவைக் கீழே வைத்தாள்.

“நான் இப்ப ஒரு பொய் எழுதிட்டிருக்கேன். உங்கிட்ட வர்றதுக்கு. பாதி எழுதிட்டேன்.” பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குப்பியை, மருந்தாளரை, கட்டத்தை, இரண்டு சொற்களை, இன்று மறுபடி போட்டால் பதினோராம் நாள்தான் கிளம்ப முடியும் என்பதை. ஒன்றையும் இனிப்பாக்கவில்லை. இடையில் குரல் உடைந்தபோது அதை மறைக்கவும் இல்லை.

“உன்னையே வீண்னு எழுதி வெச்சியா?”

“ஆமாண்டா.”

“உனக்குக் கையெழுத்து அழகு. அழகா எழுதியிருப்ப.” அவன் சிரிக்க முயன்று இருமினான். “பதினோரு நாள் தாங்குவேனா அக்கா?”

“தாங்க மாட்ட.”

திரைக்கு அப்பால் மேஸ்திரி யாரிடமோ மணி கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீ இப்படி என்கிட்ட பேசினதே இல்ல.”

“பேசியிருக்கணும். அன்னிக்கே பேசியிருக்கணும். அப்பா விடிகாலை நாலு மணிக்குப் போயிட்டார்டா. நீ கூப்பிட்டப்ப கூடத்துல கிடத்தியிருந்தோம். உன் பேரச் சொல்லித்தான் போனார். நான் தூங்கறார்னு சொன்னேன். உன்ன அழவிடாம பண்ணிட்டேன்.”

அவன் அழுதான். நான்கு ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்தது பூமியின் மறுபக்கத்தில் ஒரு கட்டிலில் உடைந்து ஓடுவதை அவள் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். தடுக்கவில்லை. ஆறுதல் சொல்லவில்லை. அழுது ஓயும்வரை இருந்தாள்.

பிறகு தொலைபேசித் திரையில் படம் தோன்றியது. இரவுப் பணியிலிருந்த அந்த ஊர்ச் செவிலி தொலைபேசியைப் பிடித்திருந்தாள். தம்பியின் கை போர்வையை விலக்கியது.

அக்கா பார்த்தாள். விரல்கள் எரிந்த திரியைப்போலக் கருத்திருந்தன. கணுக்காலுக்கு மேலே ஆடுசதை ஊதிப் பளபளத்தது. அதிலிருந்து ஒரு செந்நிறக் கோடு மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. இந்தக் காலுக்குத்தான் அவள் முதன்முதலில் செருப்பு வாங்கிப் போட்டாள். அந்த நினைவை நெஞ்சுக்குள் தள்ளித் தாழிட்டுவிட்டு, செவிலியாக மட்டும் நின்று பேசினாள்.

“முட்டிக்குக் கீழ நாலு விரல் விட்டு அழுத்தச் சொல்லுடா. சைகையில காட்டு. ம். விடச் சொல்லு.”

அழுத்திய இடம் வெளுத்து, மெல்லச் சிவந்தது.

“பாத்தியா? அங்க ரத்தம் ஓடுது. முட்டி உன்னோடது. அதுக்குக் கீழ எடுக்கணும். இன்னிக்கே எடுத்தா முட்டி நிக்கும். நாளைக்குன்னா அதுவும் போகும். அதுக்கப்புறம்னா நீயே இருக்க மாட்ட.”

“வலிக்குமா?”

“வலிக்கும். எடுத்த கால்கூட ரொம்ப நாள் வலிக்கும். இல்லாத விரல் அரிக்கும். ராத்திரி எந்திரிச்சு சொறியப் போவ, அங்க ஒண்ணும் இருக்காது. அப்ப என்னத் திட்டு.”

“கப்பலுக்குத் திரும்ப முடியாதுல்ல?”

“முடியாது.”

அவன் ‘நிஜமாவா’ என்று கேட்கவில்லை. போர்வையைத் திரும்ப இழுத்து மூடவும் இல்லை. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் விரல்களைக் குவித்துக் காற்றில் எழுதிக் காட்டினான். அவள் தொலைபேசியை அவன் கையில் கொடுத்துவிட்டு ஓடுவது தெரிந்தது.

“பேனா எடுக்கப் போறா” என்றான். “பதினோராம் நாளே வா. அவசரமில்ல. முத்திரை அடிச்சு, ஒழுங்கா வா.”

அழைப்பு அடங்கியபோது மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. அக்கா ஐந்தாவது அட்டையின் குறுக்கே இரு கோடுகள் இழுத்து ‘ரத்து’ என்று எழுதினாள். திரையை விலக்கியபோது பெரிய டாக்டர் வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தாரென்று தெரியவில்லை. அவள் அட்டையை அவரிடம் நீட்டினாள். பெயரையும், அந்த முப்பத்தைந்தையும், பாதியில் நின்ற தேதியையும் அவர் படித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“எந்தக் கை?” என்றார்.

“இடது.”

“நாலு பேரு காத்திருக்காங்க. உங்களோட அஞ்சு. குப்பியத் திறங்க.”

ஆகாயத்துக்கு ஒரு வரியில் செய்தி போயிற்று. அவர் உடனே அழைத்தார். “விட்டுட்டீங்களா சிஸ்டர்? விட்டுட்டீங்களே!” என்று கத்தினார். காலை எடுக்கத் தம்பி ஒப்புக்கொண்டதை அவள் சொன்னதும் குரல் இறங்கியது. “சரி. பதினோராம் நாளுக்கு மாத்தறேன். அன்னிக்கும் பறக்கத்தானே போகுது அந்தச் சனியன்” என்றவர், மேலே பேச முடியாமல் வைத்துவிட்டார்.

நால்வருக்கும் அவள் போட்டாள். அவளுக்கு டாக்டர் போட்டார். பதிவேட்டில் ஐந்தாவது வரிசையில் தன் பெயரை எழுதினாள். வீண் என்ற கட்டத்தில் ஒரு சுழியம் இட்டாள்.

ஊசி போட்டவர்கள் அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். மயக்கம் வருகிறதா என்று பார்ப்பதற்காக. அவளும் அவர்களோடு, மேஸ்திரிக்கு அடுத்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கே தம்பியை அறுவை அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்று செய்தி வந்தது. ஊசி போடும் செவிலியே காத்திருப்போரின் பெஞ்சில் கண்மூடி உட்கார்ந்திருப்பதை எல்லோரும் பார்த்தார்கள். அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. தந்தை நாள்தோறும் நீராடிவிட்டுப் பாடும் பதிகம் அது. அவர் போனபின் அந்த வீட்டில் ஒருவரும் அதைப் பாடியதில்லை. முதல் பாடலின் முதல் சீர் எங்கோ தொலைந்திருந்தது; இரண்டாவதிலிருந்து பிடித்துக்கொண்டு, அதன் கையால் முதலாவதை மீட்டாள். பின் தடையின்றி வந்தது. குரல் எழவில்லை. பத்துப் பாடலும் முடிந்து, பாடினோர்க்குப் பயன் சொல்லும் பதினோராவது பாடலில் இரு கைகளையும் நெஞ்சருகே குவித்து, குவித்தபடியே இருந்தாள்.

கண் திறந்தபோது மேஸ்திரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்கு இப்பால் அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. காறைபடிந்த பெரிய கையை, தொடலாமா கூடாதா என்று தயங்கி, அவள் தலைக்கு ஒரு சாண் மேலே நிறுத்தினார்.

“அறுக்கிற கை நடுங்காம இருக்கட்டும். அந்தப் புள்ள ஒத்தக் காலு ஊனியாவது எந்திரிச்சு நிக்கட்டும். நீங்க போய் எறங்கறப்ப வாசல்லயே சிரிச்சுட்டு இருக்கட்டும். நல்லா இருப்பீங்கம்மா, ரெண்டு பேரும் ரொம்ப நாள் நல்லா இருப்பீங்க.”